முட்டை அட்டை ஒட்டினா சத்தம் நிக்குமா? வீட்டு இசைப் பயிற்சி அறைக்கு ஒரு பொறியியல் கணக்கு



நம்ம கல்லூரி கல்ச்சுரல்ஸ் நெருங்கினாலே ட்ரம்ஸ் வாசிக்கிறவங்க, எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவங்க, தவில், பறை அடிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதான். வீட்டில் பயிற்சி பண்ணணும், ஆனா பக்கத்து வீட்டுத் தாத்தா திட்டக் கூடாது. அந்தத் தாத்தா மேலயும் தப்பு சொல்ல முடியாது. மதியம் கண் அசரும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் டபுள் பாஸ் ஓடினா யாருக்குத்தான் கோபம் வராது?

உடனே நாம என்ன செய்வோம்? ஆன்லைன்ல கூரான ஸ்பாஞ்ச் ஷீட் ஆர்டர் போடுவோம். காசு இல்லைன்னா பிரியாணிக் கடையில முட்டை அட்டை வாங்கி வந்து ஒட்டுவோம். அறை பார்க்க ஸ்டுடியோ மாதிரி ஆகிடும். சத்தம் மட்டும் அப்படியே வெளியே போகும்.

ஏன் அப்படி? எங்கே காசு போட்டா பலன் கிடைக்கும்? இந்தக் கட்டுரையில் அதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் ஒரு மடக்கை (லாக்) பட்டனும் போதும்.

1. உறிஞ்சுவது வேற, தடுப்பது வேற

முதல்ல இந்த ரெண்டையும் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். பெரும்பாலான பண விரயம் இந்தக் குழப்பத்தால்தான் வருது.

ஒலி உறிஞ்சல் என்பது அறைக்கு உள்ளே நடக்கும் விஷயம். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் குறைக்கும். கை தட்டினா கேட்கும் அந்த 'ட்ரிங்' குறையும். வாசிப்பது தெளிவாகக் கேட்கும். ஸ்பாஞ்ச், கனமான திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி எல்லாம் இந்த வகை.

ஒலித் தடுப்பு என்பது உள்ளே இருக்கும் சத்தம் வெளியே போகாமல் நிறுத்துவது. அதற்கு வேண்டியது எடையும் காற்றுப் புகாத அடைப்பும்.

ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளை வழியாகவும் காற்று போய் வரும். அதனாலதான் அது ஒலியை உறிஞ்சுது. காற்று போகும் பொருள் ஒலிக்குத் தடுப்புச் சுவராக இருக்க முடியாது. முட்டை அட்டையோ காகிதக் கூழ். எடையும் இல்லை, உறிஞ்சுவதும் குறைவு, தீப்பிடிக்க மட்டும் நல்லா தயார்.

உறிஞ்சும் பொருளுக்கும் ஒரு எல்லை உண்டு. அதன் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்காவது இருந்தால்தான் முழுசா வேலை செய்யும். நம்ம ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர். 60 ஹெர்ட்ஸ் கிக் ட்ரம்முக்கு அலைநீளம் 5.8 மீட்டர், அதில் கால் பங்கு கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். நாம ஒட்டுவது 2.5 செ.மீ. ஷீட். அது 3,500 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் நல்லா வேலை செய்யும். சிம்பல் சத்தத்தின் கூர்மை குறையும், கிக் ட்ரம்முக்கு அந்த ஷீட் இருப்பதே தெரியாது.

2. எவ்வளவு குறைக்கணும்?

'சத்தமே வரக் கூடாது' என்பது ஒரு தேவை விவரம் ஆகாது. எண் வேணும்.

ஒரு ட்ரம் செட்டை நல்லா அடிச்சு வாசிச்சா சின்ன அறைக்குள் 100 முதல் 110 டெசிபல் வரை போகும். நாம 105 என்று வைத்துக்கொள்வோம்.

வெளியே எவ்வளவு இருக்கலாம்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் ஒலிக்கும் இசைக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அதாவது பகலில் 60, இரவில் 50.

அப்போ பகலில் வேண்டிய தடுப்பு 105 − 60 = 45 டெசிபல். இரவில் 55. இந்தப் பத்து டெசிபல் வித்தியாசம் சின்னதாத் தெரியலாம். ஆனா அது ஆற்றலில் பத்து மடங்கு, செலவிலும் பெரிய தாவல். வீட்டில் நாமே செய்யும் வேலையில் 45-ஐத் தொடுவது நடக்கும் காரியம். 55-ஐத் தொட, அறைக்குள் இன்னொரு அறையே கட்டணும். அதனால இரவு 10 மணிக்கு மேல் ட்ரம்ஸ் என்ற ஆசையை இப்பவே விட்டுடுங்க. அந்த நேரத்துக்கு ப்ராக்டிஸ் பேட் இருக்கு, ஹெட்ஃபோன் இருக்கு.

3. ஓட்டையின் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதி படிக்க நேரம் இருந்தா இதைப் படிங்க.

ஒரு சுவர் 50 டெசிபல் தடுக்குது என்றால், அதன் மேல் விழும் ஒலி ஆற்றலில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகுது என்று பொருள். 30 டெசிபல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. திறந்த ஓட்டை என்றால் முழுவதும் போகுது, தடுப்பு பூஜ்ஜியம்.

சுவர், ஜன்னல், ஓட்டை மூன்றும் சேர்ந்து இருந்தால், ஒவ்வொன்றின் பரப்புப் பங்கையும் அது விடும் ஆற்றல் பங்கால் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டணும். அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து மொத்தத் தடுப்பு கிடைக்கும்:

மொத்தத் தடுப்பு = 10 × மடக்கை (1 ÷ கூட்டுத்தொகை)

நம்ம ஊரில் சாதாரணமா இருக்கும் ஒரு 10-க்கு 10 அறையை எடுத்துக்குவோம். பக்கத்து வீட்டைப் பார்த்த சுவர் 100 சதுர அடி. ஒன்பது அங்குலச் செங்கல், ரெண்டு பக்கமும் பூச்சு. தடுப்பு சுமார் 50 டெசிபல். அதில் 4-க்கு 3 அடி ஜன்னல் ஒன்று (12 சதுர அடி), மேலே 3 சதுர அடிக்கு வென்டிலேட்டர் ஒன்று.

நிலை 1: ஜன்னலை மூடியாச்சு, வென்டிலேட்டர் மட்டும் திறந்திருக்கு. ஓட்டையின் பங்கு 3 சதவீதம், அதாவது 0.03. மற்றதெல்லாம் இதுக்கு முன்னால் ஒண்ணுமே இல்லை. மொத்தத் தடுப்பு 15 டெசிபல். 50 டெசிபல் சுவர் கட்டின கொத்தனாரின் உழைப்பு எல்லாம் அந்த மூணு சதுர அடியில் போச்சு.

நிலை 2: வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியாச்சு. ஆனா ஜன்னல் கதவைச் சுற்றி 2 மி.மீ. இடுக்கு இருக்கு. நாலு ஓரமும், நடுவில் ரெண்டு கதவு சேரும் கோடும் சேர்த்தா 17 அடி நீளம். பரப்பு ஏறக்குறைய 0.1 சதுர அடி, அதாவது சுவரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண 4 மி.மீ. கண்ணாடிக்கு 25 டெசிபல் தடுப்பு என்று வைத்தால், மொத்தம் 29 டெசிபல்.

நிலை 3: அந்த இடுக்கை ரப்பர் பீடிங் போட்டு முழுசா அடைத்தாச்சு. மொத்தம் 34 டெசிபல்.

நிலை 4: ஜன்னலுக்கு உள்பக்கம் பத்து செ.மீ. தள்ளி இன்னொரு தடிமனான கண்ணாடி, சுற்றிலும் சிலிகான் வைத்து அடைத்தது. ஜன்னலின் தடுப்பு 40-க்கு ஏறுது. மொத்தம் 47 டெசிபல்.

பகல் தேவையான 45-ஐத் தாண்டியாச்சு! கவனிச்சீங்களா, இதுவரை சுவரில் கையே வைக்கலை. நிலை 1-இல் இருக்கும்போதே சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டினவருக்கு என்ன கிடைத்திருக்கும்? உள்ளே எதிரொலி குறைந்ததால் மூன்று, நாலு டெசிபல் குறைஞ்சிருக்கும். வென்டிலேட்டர் வழியா மீதி எல்லாம் அப்படியே போயிருக்கும்.

இதுதான் ஒலித் தடுப்பின் அடிப்படை. மொத்தத் தடுப்பு எப்பவும் ரொம்பப் பலவீனமான இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பலமான இடத்தில் போடும் காசு வீண்.

4. ஓட்டையைக் கண்டுபிடிக்க மூணு வழி

- டார்ச் சோதனை: இரவில் அறைக்குள் பிரகாசமா விளக்கைப் போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் மூடி, வெளியே இருட்டில் நின்று பாருங்க. வெளிச்சம் கசியும் ஒவ்வொரு கோடும் ஒலி கசியும் கோடு.

- ஊதுபத்தி சோதனை: கதவு ஓரம், சுவிட்ச் பாக்ஸ், ஏ.சி. பைப் நுழையும் துளை, வயர் போகும் குழாய் ஆகிய இடங்களில் ஊதுபத்தியைக் காட்டுங்க. உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டால் இன்னும் நல்லது. புகை ஆடும் இடத்தில் ஓட்டை இருக்கு.

- போன் சோதனை: ஒரு ஸ்பீக்கரில் ஒரே அளவில் இரைச்சலை ஓட விட்டு, டெசிபல் காட்டும் ஆப் மூலம் உள்ளே ஒரு முறை, வெளியே ஜன்னல், கதவு, சுவர் அருகில் தனித்தனியா அளந்து பாருங்க. போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே போனில் எடுத்த ரெண்டு எண்களின் வித்தியாசத்தை மட்டும் பாருங்க. எந்த இடத்தில் வித்தியாசம் குறைவோ அங்கேதான் முதல் வேலை.

5. கதவு

வீட்டுக்குள்ளேயே இருப்பவங்களுக்கு, குறிப்பா ஹாலில் சீரியல் பார்க்கும் பாட்டிக்கு, வில்லன் ஜன்னல் இல்லை, கதவு.

கதவுக்கு அடியில் ஒரு செ.மீ. இடைவெளி இருப்பது சகஜம். 90 செ.மீ. அகலக் கதவென்றால் அந்த இடைவெளியின் பரப்பு 90 சதுர செ.மீ. 100 சதுர அடிச் சுவரில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்போ கதவு எவ்வளவு விலை உயர்ந்த தேக்காக இருந்தாலும், சுவர் கோட்டைச் சுவராகவே இருந்தாலும், மொத்தத் தடுப்பு 30 டெசிபலைத் தாண்டாது.

அதனால வரிசை இப்படி: முதலில் நிலையைச் சுற்றி மூன்று பக்கமும் ரப்பர் பீடிங். அடுத்து கதவுக்கு அடியில் தரையைத் தொடும் ரப்பர் பட்டை. தரையில் ஒரு வாசற்படி வைத்து, கதவு அதில் வந்து இடிக்கிற மாதிரி செய்தால் இன்னும் நல்லது. அதன் பிறகுதான் கதவின் எடை. உள்ளே வெற்றிடம் உள்ள லேசான கதவு என்றால், அதன் மேல் தடிமனான பிளைவுட் ஒன்றை ஒட்டி ஸ்க்ரூ போடலாம். எடை கூடுவதால் கீல்களையும் கூட்டணும்.

இன்னும் வேணும் என்றால் இரண்டாவது கதவு. ஒரே நிலையில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நடுவில் இருக்கும் காற்று இடைவெளி கூடுதல் பலன் தரும்.

6. எடையும் அதிர்வெண்ணும்

சுவர் எப்படி ஒலியைத் தடுக்குது? ஒலி வந்து சுவரைத் தள்ளுது, சுவர் நகர்ந்து அந்தப் பக்கக் காற்றைத் தள்ளுது. சுவர் கனமாக இருந்தால் நகர்வது குறையும். நியூட்டனின் இரண்டாம் விதிதான், புதுசா எதுவும் இல்லை. இதைத் தோராயமாக இப்படி எழுதுவாங்க:

தடுப்பு = 20 × மடக்கை (அதிர்வெண் × ஒரு சதுர மீட்டரின் எடை) − 47

அதிர்வெண் ஹெர்ட்ஸில், எடை கிலோவில். நடைமுறையில் கனமான சுவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே கிடைக்கும், ஆனா ஒப்பிட்டுப் பார்க்க நல்லா உதவும். இதிலிருந்து ரெண்டு பாடம்.

பாடம் ஒன்று: எடையை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல்தான் கூடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 450 கிலோ அளவில் இருக்கும். அதோடு 10 கிலோ ஜிப்சம் போர்டை நேரடியா ஒட்டினா எதுவும் மாறாது. மாறா, மொட்டைமாடியில் அரை மி.மீ. தகர ஷீட் போட்ட அறை இருக்கு பாருங்க, அந்தக் கூரை சதுர மீட்டருக்கு 4 கிலோதான். 500 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டா 19 டெசிபல். மாடி ஷெட்டில் ட்ரம்ஸ் வாசிச்சா தெருவே கேட்கும். ஏ.ஏ.சி. பிளாக் வைத்துக் கட்டின வீட்டிலும் கவனம் தேவை. வெப்பத்துக்கு அது நல்லது, ஆனா 10 செ.மீ. சுவர் சதுர மீட்டருக்கு 60 கிலோ அளவுதான் வரும்.

பாடம் இரண்டு: அதிர்வெண் பாதியானால் தடுப்பு 6 டெசிபல் குறையும். 500 ஹெர்ட்ஸிலிருந்து 63-க்கு வந்தா மூன்று முறை பாதியாகுது, 18 டெசிபல் போச்சு. அதனாலதான் கல்யாண மண்டபம் தாண்டிப் போகும்போது பாட்டு வரி கேட்காது, 'டும் டும்' மட்டும் கேட்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. விதிகளில் சொல்லும் டெசிபல், மனிதக் காதுக்கு ஏற்ப எடையிட்ட 'ஏ' அளவுகோல். அது 63 ஹெர்ட்ஸ் ஒலியை 26 டெசிபல் குறைத்துக் காட்டும். உங்க மீட்டர் 'பாஸ்' என்று சொல்லும், ஆனா பக்கத்து வீட்டு டம்ளர் ஷெல்ஃபில் ஆடும். சட்டப்படி நீங்க சரி, தாத்தாவுக்கு நீங்க தப்பு. ஆகவே கிக் ட்ரம், பாஸ் கிட்டார், தவிலின் தொப்பிப் பக்கம் இதுக்கெல்லாம் தனியா யோசிக்கணும்.

7. இரட்டைச் சுவர்: இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஓட்டை எல்லாம் அடைத்த பிறகும் பத்தலை என்றால்தான் சுவருக்கு வரணும். சுவருக்கு முன்னால் தனியா ஒரு ஃப்ரேம் நிறுத்தி, அதில் ஜிப்சம் போர்டு ரெண்டு அடுக்கு போட்டு, நடுவில் ராக் வுல் நிரப்புவாங்க. ஃப்ரேம் சுவரைத் தொடக் கூடாது. ஒரே ஒரு ஸ்க்ரூ ரெண்டையும் இணைத்தாலும் அதிர்வு அதன் வழியா நடந்து போயிடும்.

இந்த அமைப்பு ரெண்டு எடையும் நடுவில் காற்று என்ற ஸ்பிரிங்கும் சேர்ந்தது. எல்லா ஸ்பிரிங்-எடை அமைப்புக்கும் இருப்பது போல இதற்கும் ஒத்ததிர்வு உண்டு:

ஒத்ததிர்வு எண் = 60 × வர்க்கமூலம் [(1/எடை1 + 1/எடை2) ÷ இடைவெளி]

எடை சதுர மீட்டருக்குக் கிலோவில், இடைவெளி மீட்டரில். நாலரை அங்குலச் செங்கல் சுவர் 250 கிலோ, இரண்டு அடுக்கு ஜிப்சம் 20 கிலோ என்று வைப்போம்.

இடைவெளி 2.5 செ.மீ. என்றால் 88 ஹெர்ட்ஸ்.
இடைவெளி 10 செ.மீ. என்றால் 44 ஹெர்ட்ஸ்.

ஒத்ததிர்வு எண்ணில் தடுப்பு கூடுவதற்குப் பதில் குறையும். அதைத் தாண்டி மேலே போகப் போகத்தான் பலன். 88 என்பது கிக் ட்ரம்மும் பாஸ் கிட்டாரும் வாழும் இடம். 'அறை சின்னதாயிடும்' என்று ஒரு அங்குல இடைவெளியில் போர்டு அடிச்சவருக்கு, பேச்சுச் சத்தம் குறைஞ்சிருக்கும், கிக் ட்ரம் முன்னை விட அதிகமாகவே வெளியே கேட்கும். காசையும் கொடுத்து, இடத்தையும் கொடுத்து, தாத்தாவிடம் திட்டும் வாங்கணும்.

8. தரை வழியா நடக்கும் சத்தம்

அடுக்குமாடியில் இருப்பவங்களுக்கு இது முக்கியம். கிக் பெடல் அடி நேரடியாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கும். கான்கிரீட் அதை அலுங்காமல் கீழ் வீட்டு சீலிங்கில் கொண்டு போய்ச் சேர்க்கும். சுவர், கதவு எதுவும் இதைத் தடுக்காது.

தீர்வு, ட்ரம் செட்டை மிதக்கும் மேடை மேல் வைப்பது. இரண்டு தடிமனான பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைக் குழியில் உட்கார வைத்துச் செய்யும் மேடை உலகம் முழுக்க ட்ரம்மர்கள் பயன்படுத்தும் முறை. இதையும் கணக்குப் போடலாம். எடை ஏறினதும் மேடை எத்தனை மி.மீ. அமுங்குதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் மேடையின் இயல் அதிர்வெண் கிடைக்கும்.

நீங்களும் ட்ரம் செட்டும் ஏறினதும் மேடை 4 மி.மீ. அமுங்குச்சுன்னா இயல் அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் கிக் அதை விட ஏழு மடங்கு மேலே, நல்லா தடுக்கும். அதே இடத்தில் கடினமான மெல்லிய ரப்பர் மேட் போட்டு, அது 0.1 மி.மீ. மட்டும் அமுங்கினால் இயல் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கிக்கோட அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே! அதிர்வு குறையாது, கூடும். ரப்பர் என்றாலே அதிர்வைத் தடுக்கும் என்ற நம்பிக்கை இங்கே உடையுது. எவ்வளவு அமுங்குது என்பதுதான் கேள்வி.

சில வீடியோக்களில் தரை முழுக்க மணல் கொட்டிச் செய்யச் சொல்வாங்க. மாடி அறையில் அதைச் செய்யும் முன் சிவில் டிபார்ட்மென்ட் நண்பரைக் கேளுங்க. வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 கொடுக்கும் பயன்பாட்டுப் பளு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. பத்து செ.மீ. மணல் மட்டுமே 160 கிலோ. அதுக்கு மேல பலகை, ட்ரம்ஸ், ஆம்ப், நாலு நண்பர்கள். தளத்தின் பாதுகாப்பை வைத்து இந்தப் பரிசோதனை வேண்டாம்.

9. அடைத்த அறையில் மூச்சு எப்படி?

ஓட்டை எல்லாம் அடைக்கச் சொல்லியாச்சு. காற்று எங்கிருந்து வரும்? 10-க்கு 10-க்கு 10 அறையில் 28,000 லிட்டர் காற்று இருக்கு. உழைத்து வாசிக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு விடுவார் என்று வைத்தால், இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் 80 லிட்டர். பத்து லட்சத்தில் 2,800 பங்கு கூடுது. வெளிக்காற்றில் இருப்பது 400-க்குச் சற்று மேல். தலைவலியும் தூக்கமும் வரும், தாளம் தப்பும். நம்ம ஊர் மே மாதத்தில் வியர்வையும் சேரும்.

ஸ்ப்ளிட் ஏ.சி. அறையைக் குளிராக்கும், புதுக் காற்று தராது. ஜன்னல் ஏ.சி. ஒரு பெரிய ஓட்டை. நல்ல வழி, காற்றுப் பெட்டி. தடிமனான பலகையில் ஒரு பெட்டி செய்து, உள்ளே காற்று இரண்டு மூன்று முறை வளைந்து போகும்படி தடுப்புகள் வைத்து, உள்சுவரில் ராக் வுல்லை மெல்லிய துணி சுற்றிப் பொருத்தணும். காற்று வளைந்து போகும், ஒலி ஒவ்வொரு வளைவிலும் உறிஞ்சப்படும். பைக் சைலன்ஸருக்கு நெருங்கிய உறவு. உள்ளே வர ஒன்று, வெளியே போகச் சின்ன ஃபேனோட ஒன்று. இது செய்யும் வரை, அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து இடைவேளை விடுங்க.

10. தீயும் காதும்

சாதாரண மெத்தை ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன் வகை. தீப்பிடித்தால் வேகமாப் பரவும், நச்சுப் புகை கக்கும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி ஒலிக்காக ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பட்டு 100 பேர் இறந்தாங்க. 2013-இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் 'கிஸ்' விடுதியில் அதே மாதிரி விபத்தில் 242 பேர். இறந்தவர்களில் பலர் நம்மைப் போல மாணவர்கள். ஆம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சூடாகும் அடாப்டர் எல்லாம் இருக்கும் அறையில் ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் வேண்டாம். உறிஞ்சுவதற்கு ராக் வுல்லைத் துணி போர்த்திய ஃப்ரேமில் வையுங்க, அது எரியாது. வெட்டும்போது மாஸ்க்கும் கையுறையும் அவசியம்.

அடுத்து உங்க காது. அறையை நல்லா அடைத்தால் சத்தம் உள்ளேயே சுற்றும், உங்களுக்கு இன்னும் அதிகமாகக் கேட்கும். அமெரிக்காவின் என்.ஐ.ஓ.எஸ்.எச். பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம், 105-இல் சுமார் 5 நிமிடம். ஒரு பாட்டு முடியும் நேரம்! உறிஞ்சும் பேனல்களுக்கு உண்மையான வேலை இங்கேதான். சுவரில் ஆங்காங்கே 10 செ.மீ. தடிமனில் வைத்தால் உள்ளே சத்தம் சில டெசிபல் குறையும், வாசிப்பும் தெளியும். கூடவே காதடைப்பான் கட்டாயம். காதில் போன செவிப்புலன் திரும்ப வராது.

எந்த வரிசையில் செய்யணும்?

1. மூலத்திலேயே குறைங்க. ட்ரம்ஸுக்கு மெஷ் ஹெட், துளையிட்ட சிம்பல், கிட்டாருக்கு ஹெட்ஃபோன் ஆம்ப். எந்தச் சுவரை விடவும் மலிவான டெசிபல் இதுதான்.
2. அறையைத் தேர்ந்தெடுங்க. தரைத்தளம், பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டாத மூலை, குறைந்த ஜன்னல். மாடி ஷெட் கடைசித் தேர்வு.
3. டார்ச், ஊதுபத்தி, போன் மூன்றையும் வைத்து அளங்க.
4. வென்டிலேட்டர், பைப் துளை, இடுக்குகளை அடைங்க. காற்றுப் பெட்டிக்கு அப்பவே இடம் விடுங்க.
5. கதவுக்கு பீடிங், அடிப்பட்டை, பிறகு எடை.
6. ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி.
7. மாடி வீடு என்றால் மிதக்கும் மேடை.
8. மறுபடி அளங்க. தேவையான எண் வந்துட்டா நிறுத்திடுங்க.
9. வரலைன்னா மட்டும் இரட்டைச் சுவர், பத்து செ.மீ.க்குக் குறையாத இடைவெளியோட.

வாடகை வீடு என்றால் 1, 2, 3, 7 நான்கையும் தாராளமா செய்யலாம். பீடிங்கும் அடிப்பட்டையும் கழற்றக் கூடியவைதான். செங்கல் வைக்கும் முன் ஹவுஸ் ஓனரைக் கேட்டுடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு முக்கியமான அளவீடு பாக்கி இருக்கு. நண்பனை உள்ளே வாசிக்கச் சொல்லிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "தாத்தா, இப்போ எப்படிக் கேட்குது? எந்த நேரம் வாசிச்சா உங்களுக்குத் தொந்தரவு இல்லை?" என்று கேளுங்க. 63 ஹெர்ட்ஸைப் பற்றி மீட்டர் சொல்லாததை அவர் சொல்வார்.

உங்க அறையை அளந்து, முன்னும் பின்னும் வந்த எண்களை நம்ம இதழுக்கு அனுப்புங்க. எந்த வேலைக்கு எத்தனை டெசிபல் குறைஞ்சது என்று ஒரு பட்டியல் போட்டு அடுத்த இதழில் வெளியிடலாம்.